விரல்களைப் பார்த்து வாங்குங்கள்

கொலுப்படியில் தெய்வங்களோடு மரியாதையாக அமர்ந்திருப்பவர்கள் இசைவாணர்கள். தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகியோரின் மும்மூர்த்திகள் செட் இருக்கும். வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம் சேர்ந்த கச்சேரி செட் இருக்கும். 1966-இல் ஐ.நா. சபையில் பாடிய, 1998-இல் பாரத ரத்னா பெற்ற எம்.எஸ். சுப்புலட்சுமி தம்புராவோடு வீற்றிருப்பார். விளாச்சேரி, பண்ருட்டி, காஞ்சிபுரம் போன்ற தமிழக ஊர்களில் கைவினைக் குடும்பங்கள் தலைமுறைகளாக வார்க்கும் உருவங்கள் இவை. கடல் கடந்து பினாங்குக் கடைக்கோ, ஊருக்குப் போய்வந்த உறவினரின் பெட்டிக்கோ வந்து, கெடா மாநிலத்து லூனாஸ் வீட்டுக் கொலுவிலும் இடம்பிடிக்கின்றன.

ஒரே எம்.எஸ்., ஒரே நீலப் பட்டு. ஆனால் ஒரு பொம்மையின் விலை மற்றதைப் போல மூன்று மடங்கு இருக்கலாம். எது நல்லது என்பதை விலைச்சீட்டு சொல்லாது. நம் காதும் கையும் கண்ணும் சொல்லும். அவை சொல்வதற்குப் பின்னால் அழகான அறிவியல் இருக்கிறது.

தட்டிக் கேளுங்கள்

சுடுமண் பொம்மையை ஒரு கையில் ஏந்தி, விரல் கணுவால் மெல்லத் தட்டுங்கள். நன்றாகச் சுட்டது "டங்" என்று ஒலித்துச் சற்று நேரம் நீளும். விரிசல் இருந்தால் "டொக்" என்று உடனே அடங்கிவிடும். தட்டியதும் மண்சுவர் முழுவதும் அதிர்கிறது. விரிசலின் இரு விளிம்புகளும் ஒன்றோடொன்று உரசி அந்த அதிர்வைத் தின்றுவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாமல் வண்ணப் பூச்சுக்கு அடியில் மறைந்திருக்கும் விரிசலையும் காது இப்படிக் கண்டுபிடித்துவிடும்.

அடுத்து, பொம்மையைக் கவிழ்த்து வண்ணம் படாத அடிப்பகுதியில் ஈர விரலால் தேயுங்கள். சேறு ஒட்டினால் அது வெயிலில் காய்ந்ததே தவிர, சூளை கண்டதில்லை. களிமண் துகள்களின் அமைப்புக்குள்ளேயே நீரின் கூறுகள் பிணைந்திருக்கின்றன. ஏறத்தாழ 500 முதல் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் அவை பிரிந்து வெளியேறும். அதற்குப் பிறகு அந்த மண்ணை எவ்வளவு ஊறவைத்தாலும் மறுபடி சேறாகாது.

காகிதக்கூழ் பொம்மைக்கு இந்தத் தட்டல் சோதனை பொருந்தாது. அது நன்றாக இருந்தாலும் மந்தமாகத்தான் ஒலிக்கும். கனம் குறைவு, எளிதில் உடையாது என்பதால் தொலைதூரப் பயணத்துக்கு அது ஏற்றது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுக்கு வேறொரு சிறப்பு உண்டு. இறுகும்போது அது சுருங்காமல் மிகச் சிறிதளவு விரிகிறது. அதனால் அச்சின் நுண்ணிய கோடுகளுக்குள்ளும் புகுந்து அப்படியே படிந்துவிடும். களிமண்ணோ காயும்போதும் சுடும்போதும் சுருங்கும், கோடுகள் மழுங்கும். புடவை மடிப்பும் மல்லிகைச் சரமும் கூர்மையாகத் தெரியும் சுடுமண் பொம்மையில், அச்சிலிருந்து எடுத்த பிறகும் ஒருவர் உட்கார்ந்து கையால் செதுக்கியிருக்கிறார் என்று பொருள்.

லூனாஸின் காற்று

பால்மரத் தோட்டங்கள் செழித்த இந்த மண்ணில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். காகிதக்கூழ் அந்த ஈரத்தை உறிஞ்சும். பூஞ்சைக்கு அதுவே போதும். பிளாஸ்டர் நீரில் சிறிதளவு கரையக்கூடியது. ஈரச் சுவரோரம் வைத்தால் மேற்பரப்பு பொரிந்து வண்ணம் உதிரும். ஆகவே, இந்த இரு வகைப் பொம்மைகளிலும் அடிப்பகுதியும் உட்புறமும் பூசப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முகத்துக்கு மட்டும் வண்ணம் தீட்டி, அடியைத் திறந்து விட்ட பொம்மை கெடாவின் மழைக்காலத்தைத் தாங்காது.

இளையோர் சேர்க்கும் பிளாஸ்டிக் உருவங்களுக்கும் இந்தச் சூழல் சோதனைதான். மைக்கேல் ஜாக்சன் போன்ற பாடகர்களின் உருவங்களில் பல பிவிசியால் ஆனவை. பிவிசி இயல்பில் விறைப்பானது. அதை வளையச் செய்ய எண்ணெய் போன்ற மென்மையூட்டிகளைக் கலப்பார்கள். அவை பிவிசியோடு வேதிப்பிணைப்பு கொள்வதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல வெளியே கசிந்து, மேற்பரப்பைப் பிசுபிசுக்க வைக்கும். வெப்பம் அதை விரைவுபடுத்தும். ஒற்றைக் காலில் நிற்கும் உருவம் என்றால், தன் எடையாலேயே கணுக்கால் மெல்ல வளைந்து சாயும். வாங்கும்போதே கணுக்காலின் பருமனையும், உடலைத் தாங்கும் கம்பி இருக்கிறதா என்பதையும் பார்ப்பது நல்லது.

முகத்தின் கணக்கு

ஆறில் ஒரு பங்கு அளவில் செய்த உருவத்தை எடுத்துக்கொள்வோம். மனிதக் கருவிழியின் குறுக்களவு ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். பொம்மையில் அது 2 மில்லிமீட்டர். தூரிகை 0.2 மில்லிமீட்டர் விலகினால், உண்மை அளவில் 1.2 மில்லிமீட்டர் பிசகு. விழிக்கோளத்தின் ஆரம் சுமார் 12 மில்லிமீட்டர் என்பதால், பார்வை ஏறக்குறைய 6 டிகிரி திரும்பிவிடும். பிறர் எங்கே பார்க்கிறார்கள் என்பதைக் கண்டுகொள்வதில் மனிதர்கள் மிகக் கூர்மையானவர்கள். அந்த 6 டிகிரியை உடனே உணர்ந்துவிடுவோம். கண் திறப்பதைக் கடைசி வேலையாக, தேர்ந்த கைக்கென்று ஒதுக்கிவைக்கும் நம் மரபின் நியாயம் இந்தக் கணக்கில் தெரிகிறது.

முகச்சாயலை நேராக நிறுத்தி வைத்தே மதிப்பிட வேண்டும். நம் மூளை முகத்தைக் கண், மூக்கு, வாய் என்று தனித்தனியாகப் படிப்பதில்லை, ஒட்டுமொத்தமாகவே படிக்கிறது. தலைகீழாக்கினால் அந்த ஒட்டுமொத்தம் குலைந்துவிடும். சாயல் தெரியாமல் போகும் அந்த நேரத்தில், உதட்டோரம் வழிந்த சிவப்பும் காதோரம் தேய்க்கப்படாத அச்சுக் கோடும் பளிச்சென்று தெரியும். சாயலுக்கு நேராக, வேலைத்திறத்துக்குத் தலைகீழாக என்று இரண்டு முறை பாருங்கள்.

அச்சு அசலான முகம்தான் உயர்ந்தது என்றும் கொள்ள வேண்டியதில்லை. மனித உருவத்தை மிக நெருங்கி, ஆனால் முழுதாக எட்டாத உருவம் நம்மை நெருடும் என்று ஜப்பானிய ரோபோ அறிஞர் மசாஹிரோ மோரி 1970-இல் எழுதினார். கொலுப் பொம்மையின் சற்றே பெரிய கண்கள் குறை ஆகா. இரு பக்கமும் மின்னும் வைர மூக்குத்தி, நெற்றிக் குங்குமம், கொண்டை மல்லிகை, அந்தத் தனி நீலம் ஆகியவை சரியாக அமைந்தாலே எம்.எஸ். நமக்குத் தெரிந்துவிடுகிறார்.

கையே சாட்சி

எல்லாவற்றையும்விடப் பெரிய சோதனை கையில் இருக்கிறது. தம்புராவுக்கு மெட்டுகள் கிடையாது. அதன் நான்கு தந்திகளை விரல் வருடும், அழுத்தாது. தம்புராவில் மெட்டு வரைந்திருந்தாலோ, விரல்கள் தந்தியைக் கவ்விப் பிடித்திருந்தாலோ, செய்தவர் தம்புராவைப் பார்க்கவில்லை. தீட்சிதரின் வீணையில் குடம் அவருக்கு வலப்புறம், யாளி முகம் இடப்புறம் இருக்க வேண்டும். மெட்டுகளின் மேல் இடக்கை விரல்கள் படிந்திருக்க வேண்டும்.

மிருதங்கத்தின் வலந்தலையில் கறுப்பு வட்டம் இருக்கிறதா? சாதாரண முரசுத் தோல் எழுப்பும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசைவதில்லை. நடுவில் பூசிய அந்தக் கரும்பசை தோலின் எடைப் பரவலை மாற்றி, மேற்சுரங்களை ஒழுங்கான வரிசைக்குக் கொண்டுவருகிறது. 1920-இல் சி.வி. ராமன் இதை நேச்சர் இதழில் விளக்கினார். மிருதங்கத்துக்குச் சுருதி தருவதே அந்த வட்டம்தான். அதை விட்டுவிட்ட பொம்மையின் கையில் இருப்பது வெறும் மரக்கட்டை.

இங்கேதான் லூனாஸ் வாசகர் தம் கண்ணை முழுதாக நம்பலாம். கோயில் திருவிழாக்களில் தவில்காரரை அருகிலிருந்து பார்த்தவர்கள் நாம். வலக்கை விரல்களில் கூடு, இடக்கையில் குச்சி. பொம்மைத் தவில்காரர் இரு கையிலும் குச்சி பிடித்திருந்தால், குழந்தைகூடச் சுட்டிக்காட்டிவிடும். அந்த அறிவு காசு கொடுத்து வாங்கியதன்று. கேட்டும் பார்த்தும் சேர்ந்தது.

முகத்தை அச்சு தந்துவிடும், பளபளப்பை வண்ணம் தந்துவிடும். வாசிக்கும் விரலைச் சரியாக வைக்க, செய்பவர் ஒரு கச்சேரியை உன்னிப்பாகக் கவனித்திருக்க வேண்டும். அந்தக் கவனிப்புக்குச் செலவிட்ட நேரத்துக்கு நாம் விலை கொடுத்தால்தான் அடுத்த தலைமுறைக் கைவினைஞரும் அச்சோடு நிற்காமல் கச்சேரி பார்க்கப் போவார். அடுத்த பொம்மையை எடுக்கும்போது முதலில் விரல்களைப் பாருங்கள். அவை தவறாக இருந்தால் ஏன் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அந்தக் கேள்வி பொம்மை செய்யும் ஊர்வரை போய்ச் சேரும்.