உப்பு பிடித்துவைத்திருக்கும் சர்க்கரை

மதுரையின் தென்மேற்கே திருநகர், பசுமலை, திருப்பரங்குன்றம் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரை நம்பியிருக்கும் வீடுகள் சிலவற்றில், நீரை மென்னீராக்கும் உருளைவடிவத் தொட்டி ஒன்று இருப்பதுண்டு. அதனுள் நிரம்பியிருப்பவை கசகசா அளவே உள்ள, தேன்நிறமான ரெசின் மணிகள். அவற்றுக்கு மிக நெருங்கிய உறவான ரெசின் மணிகள்தான் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள பீட் சர்க்கரை ஆலைகளில், இனி எவ்வளவு காய்ச்சினாலும் சர்க்கரை தராது என்று ஒதுக்கப்பட்ட கழிவுப்பாகிலிருந்து சர்க்கரையை மீட்டுத் தருகின்றன. ஆனால் வீட்டுத் தொட்டியில் அவை செய்யும் வேலையும் ஆலையில் செய்யும் வேலையும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் இத்தொழில்நுட்பத்தின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

இங்கே பீட் என்பது சமையலுக்கு வாங்கும் செந்நிற பீட்ரூட் அன்று. அதே தாவர இனத்தைச் சேர்ந்த, வெண்ணிறச் சதையும் எடையில் 15 முதல் 18 சதவீதம் வரை சர்க்கரையும் கொண்ட கிழங்கு. தமிழில் இதனைச் சர்க்கரைக் கிழங்கு என்பர். சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு இதற்கு எந்த உறவும் இல்லை. 1747-இல் பெர்லினைச் சேர்ந்த வேதியியலாளர் மார்க்கிராஃப், கரும்பில் உள்ள அதே சர்க்கரை இக்கிழங்கிலும் இருப்பதைக் கண்டறிந்தார். அவருடைய மாணவர் ஆக்கார்ட் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சைலீசியாவின் கூனெர்ன் என்ற ஊரில் முதல் ஆலையை நிறுவினார். கடல்வழி கரும்புச் சர்க்கரை வராத போர்க்காலத்தில் நெப்போலியன் இதற்குப் பேராதரவு தந்தார். இந்தியாவில் ராஜஸ்தானின் ஸ்ரீகங்காநகர் ஆலை கரும்போடு இக்கிழங்கையும் அரைத்ததுண்டு. வெப்பமண்டலத்துக்கு ஏற்ற வீரிய வகைகளுக்கான சாகுபடி முறைகளைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வகுத்துள்ளது. ஆயினும் தமிழ்நாட்டில் சர்க்கரை என்றால் இன்றும் கரும்புதான்.

நூறு கிலோ கரும்பிலிருந்து மூட்டைக்குள் வந்து சேரும் சர்க்கரையின் அளவைத் தமிழக விவசாயிகளும் ஆலையினரும் ‘சர்க்கரைக் கட்டுமானம்’ என்கின்றனர். கட்டுமானம் ஒருபோதும் கரும்பிலோ கிழங்கிலோ இருக்கும் முழுச் சர்க்கரைக்கு ஈடாவதில்லை. சக்கையோடு சிறிதும், வடிகட்டிய சேற்றோடு சிறிதும் போனாலும், பெரிய இழப்பு நேர்வது கழிவுப்பாகில்தான். சாற்றைத் தெளிவித்து, நீரை ஆவியாக்கி, வெற்றிடக் கலன்களில் காய்ச்சிப் படிகங்களை வளர்த்து, மையவிலக்கு எந்திரத்தில் சுழற்றிப் பிரித்த பின் எஞ்சும் பாகை மறுபடியும் காய்ச்சுவார்கள்; மூன்றாம் சுற்றின் முடிவில் எஞ்சுகிற கரிய, பிசுபிசுத்த திரவம்தான் கழிவுப்பாகு. நாளொன்றுக்கு 2,500 டன் கரும்பு அரைக்கும் ஆலையைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டால், கரும்பின் எடையில் 4.5 சதவீதம் என்ற அளவில் 110 டன்னுக்கு மேல் கழிவுப்பாகு கிடைக்கும். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது 35 டன்னுக்கும் மேல், சர்க்கரையாகவே இருக்கும். பீட் கழிவுப்பாகிலோ சரிபாதி எடை சர்க்கரை.

காய்ச்சுபவரின் திறமைக் குறைவு இதற்குக் காரணமன்று. பொட்டாசியம், சோடியம் ஆகியவற்றின் உப்புகளும் பிற அல்சர்க்கரைப் பொருள்களும் பாகில் செறியச் செறிய, சர்க்கரை படிகமாவது மேன்மேலும் கடினமாகிறது; பாகின் பிசுபிசுப்பும் கூடி, படிகத்தை நோக்கிச் சர்க்கரை மூலக்கூறுகள் நகர்வதையே தடுத்துவிடுகிறது. பீட் கழிவுப்பாகின் நீர் நீங்கிய எடையில் சுமார் 60 பங்கு சர்க்கரை, 40 பங்கு பிற பொருள்கள் என்றால், ஒவ்வொரு கிலோ அல்சர்க்கரைப் பொருளும் ஒன்றரைக் கிலோ சர்க்கரையைப் பிடித்துவைத்திருக்கிறது என்று பொருள். ஆகவே சர்க்கரையை மீட்க வேண்டுமானால், உப்பை விலக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்டெஃபென் என்பவர் வகுத்த முறை, நீர்த்த குளிர்ந்த பாகில் சுண்ணாம்புத் தூளைச் சேர்த்துச் சர்க்கரையைச் சுண்ணாம்போடு பிணைத்து வீழ்படிவாக்கியது. நெடுங்காலம் வழங்கிய இம்முறை சுண்ணாம்பையும் பெருமளவில் விழுங்கியது. கழிவுநீரையும் பெருமளவில் வெளியேற்றியது.

இதற்கு மாற்றாக வந்ததே வண்ணப்பிரிகை. ரஷ்யத் தாவரவியலாளர் ஸ்வெட், இலைச்சாற்றைச் சுண்ணத்தூள் நிரப்பிய குழாயின் வழியே இறக்கி, அதிலுள்ள பச்சை, மஞ்சள் நிறமிகள் தனித்தனி வளையங்களாகப் பிரிவதைக் காட்டி, 1906-இல் அம்முறைக்குச் சூட்டிய பெயர் இது. நிறமற்ற பொருள்களைப் பிரிக்கும்போதும் அப்பெயரே நிலைத்துவிட்டது. இதன் அடிப்படை எளிது. மதுரை விளக்குத்தூண் கடைத்தெருவின் ஒரு முனையில் ஒரே நேரத்தில் நுழைந்த இருவரில், எந்தக் கடைக்குள்ளும் ஏறாமல் நடப்பவர் மறுமுனையை முதலில் அடைகிறார். கடைக்குக் கடை ஏறி இறங்குபவர் பிந்தி வருகிறார். ரெசின் மணிகள் நிரம்பிய தொட்டியில் முந்திச் செல்வது உப்பு, பிந்தி வருவது சர்க்கரை.

வீட்டு மென்னீர்த் தொட்டியில் நடப்பது அயனிப் பரிமாற்றம்: மணிகள் நீரிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன, சோடியம் தீர்ந்ததும் உப்புக் கரைசலால் கழுவி அவற்றுக்கு மீண்டும் உயிரூட்ட வேண்டியிருக்கிறது. சர்க்கரை ஆலையின் தொட்டியிலோ, மணிகளில் ஏற்கெனவே குடியிருப்பவை பாகில் உள்ள அதே பொட்டாசியமும் சோடியமும். எனவே கொடுக்கல் வாங்கலுக்கு அங்கு இடமே இல்லை. மணிக்குள் மின்னூட்டம் கொண்ட அயனிகள் ஏற்கெனவே நெருங்கியிருப்பதால், வெளியிலிருந்து வரும் உப்பின் அயனிகள் உள்ளே புக இயலாமல் மணிகளுக்கு இடையிலான சந்துகளின் வழியே விரைகின்றன. மின்னூட்டம் அற்ற சர்க்கரை மூலக்கூறுக்கோ அத்தடை இல்லை. அது மணிக்குள் ஊடுருவி, வெளியேறி, அடுத்த மணிக்குள் நுழைந்து தாமதமாகிறது. அயனி விலக்கம் எனப்படும் இந்நிகழ்வை அமெரிக்காவின் டவ் நிறுவனத்தைச் சேர்ந்த வீட்டன், பௌமன் ஆகிய இருவர் 1953-இல் விளக்கினர். பாகைத் தள்ளிச் செல்லத் தேவைப்படுவது சுடுநீர் மட்டுமே. அமிலமோ காரமோ சுண்ணாம்போ வேண்டாம். இதன் அழகு இந்தச் சிக்கனத்தில்தான் இருக்கிறது.

தொட்டியின் அடியிலிருந்து முதலில் உப்புகளும் நிறம் தரும் பெரிய மூலக்கூறுகளும், அடுத்துச் சர்க்கரையும், கடைசியாக பீட்டெய்ன் என்ற பொருளும் வெளிவருகின்றன. பீட் கிழங்கின் பெயரையே பெற்ற பீட்டெய்ன் கால்நடை, மீன் தீவனங்களுக்கு விலைபோவது. ஒரு காலத்தில் சர்க்கரைக்குத் தடையாக எண்ணப்பட்ட அப்பொருள், தனியே பிரிந்து வந்ததும் வருவாயாகிவிட்டது.

ஒரே தொட்டியில் சிறிது பாகு, பிறகு நீர், மீண்டும் பாகு என விட்டுவிட்டு இயக்கினால் நீர்ச்செலவு கூடும். சேர்த்த நீரையெல்லாம் பின்னர் ஆவியாக்கியாக வேண்டும். மாறாக, பாகு செல்லும் திசைக்கு எதிராக மணிகளும் நகர்ந்துகொண்டிருந்தால், விரைந்து செல்லும் உப்பு முன்னே போகும், மெல்லச் செல்லும் சர்க்கரை பின்னே இழுபடும். நடுவில் பாகை இடைவிடாது ஊற்றலாம். ஆனால் டன் கணக்கான மணிகளை நகர்த்தினால் அவை நொறுங்கிவிடும். இதற்குத் தீர்வாக, தொட்டிகள் பலவற்றை மதுரையின் மாசி வீதிகள்போல் ஒரு சுற்றாக இணைத்து, மணிகளை அசைக்காமல், பாகும் நீரும் நுழையும் வாயில்களையும் சர்க்கரையும் உப்பும் வெளியேறும் வாயில்களையும் மட்டும் வால்வுகளின் துணையால் குறித்த இடைவெளியில் அடுத்தடுத்த தொட்டிக்கு மாற்றினார்கள். போலி நகர்படுகை எனத்தக்க இவ்வமைப்புக்கு, பெட்ரோலிய வேதித்தொழிலுக்காக பிராட்டன் என்ற பொறியாளர் 1961-இல் காப்புரிமை பெற்றார். பின்லாந்து சர்க்கரை நிறுவனம் 1970-களில் பீட் கழிவுப்பாகை வண்ணப்பிரிகை முறையில் தொழில் அளவில் பிரித்தது. அமெரிக்காவில் ஐடஹோ, மினசோட்டா மாநிலங்களின் ஆலைகள் பின்தொடர்ந்தன. இம்முறையில் பாகிலுள்ள சர்க்கரையில் ஏறத்தாழ 90 சதவீதம் மீள்கிறது. 60 ஆக இருந்த தூய்மை 90-ஐ எட்டி, பாகு மறுபடியும் படிகம் தரும் தகுதியைப் பெறுகிறது.

கரும்புக் கழிவுப்பாகில் இம்முறை அவ்வளவு எளிதில் வேரூன்றவில்லை. பீட் சாற்றைச் சுண்ணாம்பும் கரியமில வாயுவும் கொண்டு தெளிவிக்கும்போது கால்சியத்தின் பெரும்பகுதி வீழ்படிவாகிவிடுகிறது. நம் ஆலைகளில் வழங்கும் கந்தகப் புகை முறையிலோ கரைந்த கால்சியம் மிகுதியாகச் சாற்றில் தங்குகிறது. அது ரெசினில் ஏறினால் உண்மையான பரிமாற்றம் நிகழ்ந்து, பிரிக்கும் ஆற்றல் கெட்டுவிடும். ஆகவே திருநகர் வீட்டுத் தொட்டி செய்யும் வேலையை இங்கே முதலில் செய்தாக வேண்டும். மேலும் கரும்புப் பாகில் குளுக்கோசும் ஃப்ரக்டோசும் நிறைய உண்டு. மின்னூட்டம் இல்லாத இச்சிறு மூலக்கூறுகள் சர்க்கரையை ஒட்டியே வெளிவருவதால் பிரிப்பு மங்குகிறது. பசைப்பொருளும் மிதக்கும் துகளும் மணிகளை அடைத்துவிடுவதால் நுண்வடிகட்டலும் வேண்டியிருக்கிறது. இவற்றுக்கு மாறாக, கரும்பாலைக்கு ஒரு பெருஞ்சாதகமும் உண்டு: கூடுதல் நீரை ஆவியாக்கத் தேவையான வெப்பத்தை அதன் சக்கையே தருகிறது, நிலக்கரியையோ எரிவாயுவையோ விலைக்கு வாங்கும் பீட் ஆலைக்கு அந்த வாய்ப்பு இல்லை.

தமிழ்நாட்டில் கழிவுப்பாகு எரிசாராய ஆலைகளுக்குப் போய் எத்தனாலாவதால், அதிலுள்ள சர்க்கரை முழுவதும் வீணாகிறது என்று சொல்வது சரியன்று. ஆயினும் கட்டுமானம் விவசாயியின் கையில் சேரும் பணத்தைத் தீர்மானிக்கிறது என்பதை மறக்கலாகாது: 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை, 10.25 சதவீதக் கட்டுமானத்துக்கு, குவிண்டால் கரும்புக்கு 355 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு 0.1 சதவீத உயர்வுக்கும் 3.46 ரூபாய் கூடும். கழிவுப்பாகிலிருந்து மீட்கும் சர்க்கரையும் அந்தக் கணக்கில் சேர்ந்தால்தான் இத்தொழில்நுட்பம் கரும்பு வளர்த்தவருக்கும் நியாயமாக அமையும். ஆனால் அலங்காநல்லூரின் தேசிய கூட்டுறவு சர்க்கரை ஆலை போலக் கரும்பு வரத்து குறைந்து அரவையே நின்றுபோன இடத்தில், முதல் தேவை நீரும் கரும்பும்தான். ரெசின் அதற்குப் பிறகு.

தொட்டியிலிருந்து முந்தி வெளிவரும் உப்புக் கரைசலும் வீணாவதில்லை. அதில் மிகுந்திருப்பது வயலிலிருந்து வேரின் வழியே ஏறிவந்த பொட்டாசியம். சாம்பல்சத்து உரத்துக்கு இந்தியா ஏறத்தாழ முழுவதும் இறக்குமதியையே நம்பியிருக்கிறது. கழிவுப்பாகிலிருந்து கிடைக்கும் 14.5 சதவீதச் சாம்பல்சத்து உரத்தை 2021-இல் மானியப் பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. சர்க்கரையைப் பிடித்துவைத்திருந்த உப்பு, இவ்வாறு மறுபடியும் வயலுக்கே திரும்புகிறது.