பார்ட் எர்மன்: விவிலிய ஆய்வும் வெகுசனப் பண்பாடும்

பார்ட் டி. எர்மன் (பிறப்பு: 1955) அமெரிக்கப் புதிய ஏற்பாட்டு அறிஞர். 1988-இல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் சேர்ந்து நீண்டகாலம் சமயத்துறையில் கற்பித்தவர். பழங்காலக் கையெழுத்துப் படிகளை ஒப்பிட்டு மூலபாடத்தை அறிய முயலும் துறையே அவருடைய முதன்மை ஆய்வுக்களம். துறை அறிஞர்களுக்கு மட்டும் தெரிந்திருந்த செய்திகளைப் பொதுவாசகருக்கு எளிய நடையில் எழுதியதால் அவர் பரவலாக அறியப்பட்டார். அதனாலேயே பெரும் விவாதங்களுக்கும் உள்ளானார்.

கல்வியும் சமய வாழ்வும்

எர்மன் கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் வளர்ந்தார். பள்ளிப் பருவத்தில் 'மறுபிறப்பு' அனுபவத்தை வலியுறுத்தும் சுவிசேஷக் கிறிஸ்தவத்தில் ஈடுபாடு கொண்டார். சிகாகோவின் மூடி விவிலியக் கல்லூரியிலும் பின்னர் வீட்டன் கல்லூரியிலும் படித்தார். விவிலியத்தின் ஒவ்வொரு சொல்லும் பிழையற்றது என்பது அக்காலத்தில் அவருடைய உறுதியான நம்பிக்கை.

மூலமொழியில் படிக்க வேண்டும் என்ற ஆர்வம் அவரைப் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரிக்குக் கொண்டுசென்றது. அங்கே புகழ்பெற்ற பாட ஆய்வாளர் புரூஸ் மெட்ஸ்கரிடம் பயின்று 1985-இல் முனைவர் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோது மாற்கு 2:26 பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தாவீது தேவாலய அப்பத்தை உண்டபோது அபியத்தார் தலைமைக் குருவாக இருந்தார் என்கிறது அவ்வசனம். 1 சாமுவேல் 21-ஆம் அதிகாரமோ அகிமெலேக்கு என்கிறது. இரண்டும் முரண்படவில்லை என்று காட்ட எர்மன் நீண்ட வாதம் ஒன்றைக் கட்டினார். மாற்கு தவறியிருக்கலாமே என்று பேராசிரியர் ஓரத்தில் குறிப்பெழுதினார். பிழையின்மை குறித்த தம் பார்வை மாறத் தொடங்கிய இடமாக எர்மன் அதனைக் குறிப்பிடுகிறார்.

படிகளும் பாடபேதங்களும்

புதிய ஏற்பாட்டு நூல்களின் மூலப்படி எதுவும் இன்று இல்லை. கிரேக்க மொழியில் மட்டும் 5,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துப் படிகள் முழுமையாகவோ துண்டுகளாகவோ கிடைத்துள்ளன. அவற்றில் உள்ள பாடபேதங்களின் எண்ணிக்கை புதிய ஏற்பாட்டிலுள்ள சொற்களின் எண்ணிக்கையைவிட அதிகம். 2005-இல் வெளிவந்த 'மிஸ்கோட்டிங் ஜீசஸ்' என்ற நூலில் எர்மன் இதனைப் பொதுவாசகருக்கு விளக்கினார். பெரும்பாலானவை எழுத்துப்பிழை, சொல்வரிசை மாற்றம் போன்ற சிறு வேறுபாடுகளே என்பதையும் அதே நூலில் சொல்கிறார். சில வேறுபாடுகள் மட்டும் பொருளைப் பாதிப்பவை. மாற்கு நற்செய்தியின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் (16:9-20) சினாய்ப் படியிலும் வத்திக்கான் படியிலும் இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை (யோவான் 7:53-8:11) மிகப் பழைய படிகளில் காணப்படவில்லை.

மூவொரு கடவுளை நேரடியாகக் குறிப்பிடும் 1 யோவான் 5:7 மற்றொரு சான்று. கிரேக்கப் படிகளில் காணாததால் எராஸ்மஸ் தம் 1516, 1519 பதிப்புகளில் அதனைச் சேர்க்கவில்லை. 1522 பதிப்பில்தான் சேர்த்தார். இவ்வேறுபாட்டைத் தமிழிலேயே காணலாம். சீர்திருத்தச் சபையினர் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் பழைய மொழிபெயர்ப்பில் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி ஆகிய மூன்று சாட்சிகள் அவ்வசனத்தில் உள்ளனர். 1995-இல் வெளிவந்த 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பில் அவ்விடத்தில் ஆவி, நீர், இரத்தம் ஆகியவை மட்டுமே உள்ளன.

நான்கு நற்செய்திகளும் ஒரே கதையும்

எர்மன் தம் வகுப்பறை அனுபவம் ஒன்றை அடிக்கடி சொல்வதுண்டு. விவிலியம் இறைவனின் வாக்கு என்று நம்புவோர் யார் என்று கேட்டால் பெரும்பாலான மாணவர்கள் கை உயர்த்துவர். 'டா வின்சி கோட்' படித்தோர் யார் என்றாலும் பல கைகள் உயரும். விவிலியம் முழுவதையும் படித்தோர் என்றால் சில கைகளே உயரும். இறைவனே ஒரு நூல் எழுதியிருந்தால் அதைப் படிக்கத் தோன்றாதா என்பது அவர் கேட்கும் அடுத்த கேள்வி.

நற்செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பதோடு நிறுத்தாமல் பக்கவாட்டில் ஒப்பிட்டுப் படிக்குமாறு அவர் மாணவர்களுக்குப் பயிற்சி தந்தார். மாற்கின்படி இயேசு பாஸ்கா உணவை உண்ட மறுநாள் காலையில் சிலுவையில் அறையப்படுகிறார். யோவானின்படி பாஸ்காவுக்கான ஆயத்த நாளிலேயே, நண்பகலுக்குப் பின், அது நிகழ்கிறது. மாற்கின் இயேசு கைவிடப்பட்டவராகக் கதறுகிறார். லூக்காவின் இயேசு தம் ஆவியைத் தந்தையிடம் அமைதியாக ஒப்படைக்கிறார்.

வெகுசனப் பண்பாடு இவ்வேறுபாடுகளை அழித்துவிடுகிறது. கிறிஸ்துமஸ் குடில்களில் மத்தேயு சொல்லும் ஞானிகளும் லூக்கா சொல்லும் இடையர்களும் அருகருகே நிற்கின்றனர். மெல் கிப்சனின் 'தி பேஷன் ஆஃப் த கிறைஸ்ட்' (2004) போன்ற திரைப்படங்கள் நான்கு நற்செய்திகளின் காட்சிகளையும் ஒன்றாகக் கோக்கின்றன. இப்படிக் கலக்கும்போது நான்கிலும் இல்லாத ஐந்தாவது நற்செய்தி ஒன்றை நாமே எழுதிவிடுகிறோம் என்பது எர்மனின் கருத்து. ஒவ்வோர் ஆசிரியரும் சொல்ல வந்தது அதில் தொலைந்துபோகிறது.

புனைவும் வரலாறும்

டான் பிரவுனின் 'டா வின்சி கோட்' நாவல் 2003-இல் வெளியாகிப் பெரும் விற்பனை கண்டது. 325-இல் நைசேயாவில் கூடிய சங்கத்தில்தான் இயேசு கடவுளாக்கப்பட்டார், பேரரசர் கான்ஸ்டன்டைன் விவிலியத்தைத் தொகுப்பித்தார், இயேசு மகதலா மரியாவை மணந்தார் ஆகிய கூற்றுகள் அதில் வருகின்றன. பல வாசகர்கள் அவற்றை வரலாறாகவே எடுத்துக்கொண்டனர்.

எர்மன் 2004-இல் இதற்கு மறுப்பாகத் தனிநூல் எழுதினார். கிறிஸ்து கடவுள் என்ற நம்பிக்கை நைசேயாவுக்கு வெகுகாலம் முன்பே இருந்தது. அவர் எந்தப் பொருளில் கடவுள் என்பதே அங்கு நடந்த விவாதம். புதிய ஏற்பாட்டில் எந்நூல்கள் இடம்பெற வேண்டும் என்பதை அச்சங்கம் முடிவு செய்யவில்லை. இன்றுள்ள 27 நூல்களை மட்டும் குறிக்கும் முதல் பட்டியல் 367-இல் அத்தனாசியுஸ் எழுதிய கடிதத்தில் கிடைக்கிறது. இயேசுவின் திருமணத்துக்குப் பழைய சான்று எதுவும் இல்லை.

2006-இல் ஜான் ஸ்டூவர்ட்டின் 'தி டெய்லி ஷோ' என்ற நகைச்சுவைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எர்மன் தோன்றினார். அவருடைய நூலின் விற்பனை மேலும் பெருகியது. தம் நூல்களை மேற்கோள் காட்டிய நாத்திகர்களையும் அவர் மறுத்திருக்கிறார். இயேசு என்ற மனிதரே வாழவில்லை என்ற வாதத்துக்கு எதிராக 2012-இல் 'டிட் ஜீசஸ் எக்ஸிஸ்ட்?' என்ற நூலை எழுதினார். இயேசுவின் சகோதரரான யாக்கோபைச் சந்தித்ததாகப் பவுல் கலாத்தியர் மடலில் எழுதியிருப்பதை அதில் முக்கியச் சான்றாகக் காட்டுகிறார். வெற்றிவீரராக எதிர்பார்க்கப்பட்ட மெசியாவைச் சிலுவையில் மடிந்தவராக எந்த யூதரும் கற்பனை செய்திருக்க மாட்டார் என்றும் வாதிடுகிறார்.

விமர்சனங்கள்

எர்மன் தரும் தரவுகளைப் பாட ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கின்றனர். அவற்றை அவர் முன்வைக்கும் முறையே விமர்சிக்கப்படுகிறது. பாடபேதங்களால் அடிப்படைக் கோட்பாடு எதுவும் பாதிக்கப்படவில்லை என்றும், பொதுவாசகர் மனத்தில் தேவைக்கு மேற்பட்ட ஐயம் விதைக்கப்படுகிறது என்றும் டேனியல் வாலஸ் வாதிட்டார். 2014-இல் எர்மனின் 'ஹவ் ஜீசஸ் பிகேம் காட்' வெளியானபோது ஐந்து அறிஞர்கள் இணைந்து 'ஹவ் காட் பிகேம் ஜீசஸ்' என்ற மறுப்பு நூலை வெளியிட்டனர்.

ஆய்வும் நம்பிக்கையும்

படிகளில் கண்ட பிழைகளால் எர்மன் மதத்தை விட்டார் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அவரே இதை மறுக்கிறார். பிழையின்மைக் கோட்பாட்டைக் கைவிட்ட பிறகும் பல ஆண்டுகள் அவர் கிறிஸ்தவராகவே இருந்தார். நல்லவரான, எல்லாம் வல்ல கடவுள் இருக்கையில் உலகில் ஏன் இத்தனை துன்பம் என்ற கேள்விக்கு ஏற்கத்தக்க விடை கிடைக்காததே தம்மை அறியவொண்ணாக் கொள்கைக்குக் கொண்டுவந்தது என்று 'காட்ஸ் ப்ராப்ளம்' (2008) நூலில் விளக்கினார்.

எர்மனின் ஆசிரியர் மெட்ஸ்கரும் இதே படிகளை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர். அவர் பிரஸ்பிட்டேரியன் சபைப் போதகராகவும் இருந்தார். 2007-இல் இறக்கும்வரை நம்பிக்கையோடு வாழ்ந்தார். மெட்ஸ்கரின் புகழ்பெற்ற பாட ஆய்வு நூலின் நான்காம் பதிப்பு 2005-இல் இருவர் பெயரிலும் வெளிவந்தது. அதே ஆண்டில் வெளியான 'மிஸ்கோட்டிங் ஜீசஸ்' நூலை, தம் முடிவுகள் சிலவற்றை ஆசிரியர் ஏற்கமாட்டார் எனத் தெரிந்தே, எர்மன் அவருக்குக் காணிக்கையாக்கினார்.

எந்தச் சொல் முதலில் எழுதப்பட்டது என்பதைக் கையெழுத்துப் படிகளைக் கொண்டு ஆராயலாம். அச்சொல்லை நம்புவதா என்ற கேள்வியில், ஒரே சான்றுகளைக் கையில் வைத்திருந்த ஆசிரியரும் மாணவரும் வெவ்வேறு விடைகளை அடைந்தனர்.