பழைய ரிவால்வரின் வயது என்ன? சட்டமும் கேட்கும் கேள்வி

புதுதில்லி: தாத்தா விட்டுச் சென்ற பழைய ரிவால்வரை என்ன செய்வது? ஆயுதச் சட்டத்தை நாடாளுமன்றம் 2019 டிசம்பரில் திருத்தியது முதல், பரம்பரை ஆயுதங்களை வைத்துள்ள குடும்பங்கள் எதிர்கொண்டுவரும் கேள்வி இது. அந்த ரிவால்வரைத் தயாரித்தவர் யார், அதன் போர் (குழலின் உள்விட்ட அளவு) என்ன, எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்ற மூன்றுக்கும் விடை தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல இயலாது. அந்த விடைகளில் பெரும்பாலானவை ரிவால்வரின் உலோகத்திலேயே பொறிக்கப்பட்டுள்ளன.

ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்ற வரம்பு 1983-ம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் வந்தது. 2019 நவம்பரில் மக்களவையில் அறிமுகப்படுத்தப்பட்ட மசோதா, அதை ஒன்றாகக் குறைக்க முற்பட்டது. எதிர்ப்பு எழுந்ததை அடுத்து வரம்பு இரண்டு எனத் தளர்த்தப்பட்டு, டிசம்பர் 9-ம் தேதி மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் மசோதா நிறைவேறியது. வாரிசுரிமையாக வந்த ஆயுதங்களுக்கும் இந்த வரம்பு பொருந்தும். கூடுதலாக உள்ளவற்றை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் கூறியது.

எண்ணிக்கையை மட்டுமே பார்க்கும் இந்த ஏற்பாட்டில், மூன்றாவது ஆயுதம் எது என்பதைக் குடும்பமே முடிவு செய்தாக வேண்டும். பயன்பாட்டில் இல்லாத, தோட்டா கிடைக்காத பழைய ரிவால்வரே முதலில் வீட்டை விட்டு வெளியேறும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. அது சாதாரண ரிவால்வரா, குறிபார்த்துச் சுடும் போட்டிக்கென்றே தயாரான அரிய ரகமா என்று ஆராய்ந்து பார்ப்போர் குறைவு.

போட்டி ரிவால்வர் வந்த வழி: பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் தங்கள் ரிவால்வரைச் சொந்தப் பணத்தில் வாங்கிக்கொள்வது அக்கால வழக்கம். ஆர்மி அண்ட் நேவி அங்காடியின் மும்பை, கொல்கத்தா கிளைகளும், கொல்கத்தாவின் மேன்டன், ரோடா போன்ற நிறுவனங்களும் இந்த விற்பனையில் ஈடுபட்டன. இங்கிலாந்தின் பிஸ்லி மைதானத்தில் 1890 முதல் நடந்துவந்த போட்டிகளில் பெயர் பெற்ற வெப்ளி ரிவால்வர்களும், அமெரிக்காவின் கோல்ட், ஸ்மித் அண்ட் வெசன் தயாரிப்புகளும் கடல் கடந்து வந்தன. சுதந்திரத்துக்குப் பின் இந்தியாவில் துப்பாக்கி சுடுதல் அமைப்புரீதியாக வளர்ந்தது. 1951-ல் தொடங்கிய தேசிய ரைபிள் சங்கத்துக்கு முதல் தலைவராக இருந்தவர், மக்களவையின் முதல் அவைத் தலைவரான ஜி.வி. மவ்லங்கர் என்பது குறிப்பிடத்தக்கது.

போட்டிக்கான ரிவால்வரை இனங்காண்பது எளிது. சட்டைப்பையில் வைக்கும் ரகங்களில் பின்பக்கக் குறி வெறும் பள்ளமாகவே இருக்கும். போட்டி ரகத்திலோ அதைச் சிறு திருகாணிகளால் பக்கவாட்டிலும் மேல் கீழாகவும் நகர்த்த முடியும். குழல் நீளமாகவும், கைப்பிடி அகன்றும் இருக்கும்.

போர் அளவே முதல் சோதனை: .38, .455 ரிவால்வர்களும், 9 மி.மீ. பிஸ்டல்களும், .303 ரைபிள்களும் இந்தியாவில் தடை செய்யப்பட்ட போர் பிரிவில் வருகின்றன. இவற்றுக்கு உரிமம் தரும் அதிகாரம் மத்திய உள்துறை அமைச்சகத்திடம் உள்ளது. அது அரிதாகவே வழங்கப்படுகிறது. .32 ரிவால்வருக்கு இந்தத் தடை இல்லை. ஒரே தோற்றம் கொண்ட இரண்டு ரிவால்வர்களின் சட்ட நிலை, குழலின் உள்விட்டத்தில் உள்ள சிறு வேறுபாட்டால் முற்றிலும் மாறிவிடும்.

அடுத்தது வயது. அரும்பொருள் வகையில் அடங்கும் சிறு ஆயுதங்களை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் தேவையில்லை என்று 2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் அறிவித்தது. ஆனால், அவற்றைப் பயன்படுத்தவோ, வெளியே எடுத்துச் செல்லவோ உரிமம் வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு, வழக்கொழிந்த, தொன்மை மதிப்புடைய ஆயுதங்களுக்கு விலக்கு அளிக்கிறது. பழுது பார்த்தாலும் சுட இயலாததாக அது இருக்க வேண்டும் என்பது அதிலுள்ள நிபந்தனை. பழையது என்ற ஒரே காரணத்தால் எந்த ரிவால்வரும் சட்டத்திலிருந்து தப்பிவிடாது.

ஆண்டைக் கண்டறியும் வழி: அமெரிக்க ரிவால்வர்களின் குழல் மீது காணப்படும் ஆண்டுகள் பலரையும் ஏமாற்றுகின்றன. அவை காப்புரிமை பெற்ற ஆண்டுகள். தயாரித்த ஆண்டு அதற்குப் பல ஆண்டுகள் பின்னதாக இருக்கலாம். வெப்ளி ரிவால்வரில் 'வெப்ளி அண்ட் ஸ்காட்' என்ற பெயர் இருந்தால், இரு நிறுவனங்களும் இணைந்த 1897-க்கு முன்னதாக அது இருக்க முடியாது.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் சோதனைக் கூட முத்திரைகள் இன்னும் துல்லியமானவை. மகுடத்தின் கீழ் 'பி.பி.', 'பி.வி.', 'என்.பி.' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது 1904-க்குப் பிந்தைய சோதனை. 'நாட் இங்கிலீஷ் மேக்' என்ற வாசகம் 1925 முதல் 1955 வரை, இங்கிலாந்தில் சோதிக்கப்பட்ட அயல்நாட்டு ஆயுதங்களில் பொறிக்கப்பட்டது. அமெரிக்க ரிவால்வர் ஒன்று லண்டன் வழியாக இந்தியா வந்ததற்கு அது சான்றாகும். ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் 1957 முதல், சிலிண்டரை வெளியே திறந்தால் தெரியும் இடத்தில் மாதிரி எண்ணைப் பொறிக்கத் தொடங்கியது. முத்திரையில் எழுத்துப் பிழைகள் இருந்தால் அது பட்டறையில் உருவான நகலாக இருக்கலாம். இன்று பாகிஸ்தானிலுள்ள தர்ரா ஆதம் கேல் அத்தகைய நகல்களுக்குப் பெயர் பெற்ற ஊர்.

இவை அனைத்தினும் முக்கியமானது வரிசை எண். இதைத் தயாரிப்பாளரின் பழைய பதிவேட்டுடன் ஒப்பிட்டால், ரிவால்வர் தொழிற்சாலையிலிருந்து வெளியேறிய காலத்தை அறிய முடியும். கோல்ட் நிறுவனம் இத்தகைய விவரங்களைக் கட்டணம் பெற்று வழங்கிவந்துள்ளது.

வரலாறு சொல்லும் பாடம்: கொல்கத்தாவில் 1914 ஆகஸ்டில் ரோடா நிறுவனத்துக்கு வந்த 50 மௌசர் பிஸ்டல்களைப் புரட்சியாளர்கள் கைப்பற்றினர். அவற்றின் எண்கள் நிறுவனத்தின் பதிவேட்டில் இருந்ததால், பின்னர் பிடிபட்ட பிஸ்டல்களை ஆங்கிலேய அரசால் அடையாளம் காண முடிந்தது.

அன்று அரசுக்கு உதவிய எண், பின்னாளில் வரலாற்றுக்கு உதவியது. சாண்டர்ஸ் கொலை வழக்குடன் தொடர்புடைய, பகத்சிங்கின் .32 கோல்ட் பிஸ்டல் பல ஆண்டுகளாக இந்தூரிலுள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் அருங்காட்சியகத்தில் அடையாளம் தெரியாமல் இருந்தது. மேலிருந்த வண்ணப்பூச்சை அகற்றியபோது தெரிந்த 168896 என்ற எண், பழைய ஆவணங்களில் உள்ள எண்ணுடன் பொருந்தியது. அந்தப் பிஸ்டல் 2017-ல் பஞ்சாபின் உசைனிவாலாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. வண்ணம் பூசியவர்கள் எண்ணையும் சேர்த்துத் தேய்த்திருந்தால், இன்று அது பெயரில்லாத இரும்புத் துண்டாகவே இருந்திருக்கும்.

பளபளப்பாக்க வேண்டும் என்று பழைய ரிவால்வரைத் தேய்ப்பதும், புதிதாக நிக்கல் பூசுவதும் எண்ணையும் முத்திரையையும் அழித்துவிடும். இது மதிப்பிழப்புடன் முடிவதில்லை. அடையாளக் குறிகளை அழிப்பதை ஆயுதச் சட்டத்தின் 8-வது பிரிவு தடை செய்கிறது. எண் அழிக்கப்பட்ட துப்பாக்கி ஒருவரிடம் இருந்தால், மாறாக நிரூபிக்கப்படும் வரை, அவரே அதை அழித்ததாகச் சட்டம் கருதும்.

செய்ய வேண்டியது என்ன?: உரிமம் இல்லாத ரிவால்வர் மூத்தவர்களின் மறைவுக்குப் பின் வீட்டில் கண்டெடுக்கப்பட்டால், அதை நிபுணரிடம் காட்டப் பையில் எடுத்துச் செல்வது ஆபத்து. தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க 21-வது பிரிவு வழி செய்கிறது. உரிமம் பெற்றுத் திரும்பப் பெறவும், உரிமை உள்ளவருக்கு விற்கவும் வாரிசுகளுக்கு வாய்ப்பு உண்டு. உரிய காலத்துக்குள் இதைச் செய்யாவிட்டால் ஆயுதம் அரசுடைமையாகிவிடும். ஒப்படைக்கும் ரசீதில் தயாரிப்பாளர் பெயர், போர் அளவு, வரிசை எண், முத்திரைகள் ஆகிய நான்கும் இடம்பெறுவது அவசியம்.

தேர்ச்சி பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்களுக்கு 12 ஆயுதங்கள் வரை அனுமதித்து, 2020-ல் விதி தளர்த்தப்பட்டது. விளையாட்டின் எதிர்காலத்துக்குக் காட்டிய அதே அக்கறையை அதன் கடந்த காலத்துக்கும் அரசு காட்டலாம். அரசுடைமையாகும் ஒவ்வொரு பழைய ஆயுதத்தையும், இறுதி முடிவு எடுக்கும் முன், அருங்காட்சியக வல்லுநர் ஒருவர் பார்வையிடச் செய்வது பெரிய செலவல்ல. சட்டவிரோதத் துப்பாக்கிகளை ஒழிக்க வேண்டும் என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. எண்ணைப் படித்துப் பார்த்துவிட்டு அதைச் செய்வதே முறையாகும்.