உப்பு நீக்கிய கடற்கரை

அம்பர்நாத்வாசிகள் கடலைக் காண வேண்டுமெனில், லோக்கல் வண்டியில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்று சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்தில் இறங்கவேண்டும். அத்துணைத் தொலைவிலுள்ள கடலை வீட்டுச் சுவருக்குக் கொண்டுவருவது கலப்பு ஊடக ஓவியம். மணல், கயிறு, துணி, வண்ணம் ஆகியவற்றைப் பலகைமேல் புடைப்பாக ஏற்றி அமைப்பது அது. இதனைக் கைத்தொழிலாகவும் கொள்ள விழையும் வாசகர்களுக்கு நாம் முதலில் கூற விரும்புவது உப்பைப் பற்றியே.

கடல்மணலை அப்படியே ஒட்டினால் அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை ஈர்க்கும். கோடையில் அழகாக விற்றுப்போன படம், மும்பை மழைக்காலத்தில் கசிந்து, பின் உலரும்போது வெண்பூச்சாகப் பூத்து, ஒட்டிய பகுதிகளை உதிர்க்கும். வாங்கியவர் மறுமுறை வரமாட்டார். அவருடைய அண்டை வீட்டாரும் வரமாட்டார். எனவே மணலை நன்னீரில் பலமுறை அலசவேண்டும். கடைசியாக வடித்த நீரில் சிறிது ஒரு கரிய தட்டில் ஊற்றி வெயிலில் உலர்த்திப் பாருங்கள். வெண்தடம் எஞ்சினால் மீண்டும் அலசுங்கள்.

அதனினும் எளிய வழி ஒன்று அம்பர்நாத்திலேயே உள்ளது. மும்பைக் கரைமணலில் காணும் கருமை, தக்காணத்து எரிமலைப்பாறையின் சாயல். 1060ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டுடைய அம்பர்நாத் சிவாலயமும் அந்தக் கரும்பாறையால் எழுந்ததே. (தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள ஆலயம் அது, அங்கே பார்வை மட்டும் போதும்!) கட்டடப் பொருள் கடைகளில் கிடைக்கும் கல்தூளும் எம்-சேண்டும் பெரும்பாலும் அதே பாறையினவை. அவற்றில் கடலுப்பு இல்லை. சல்லடையில் சலித்தால் மூன்று பருமன்களில் மணல் கிடைக்கும். கரையிலிருந்து மணலை அள்ளிவர வேண்டிய தேவையும் இல்லாமற்போகிறது.

கித்தானைவிடப் பிளைவுட் பலகையே இதற்கு ஏற்றது. கித்தான் தளரும்போது மேலுள்ள கனம் வெடிக்கும். பலகையின் இருபுறமும் பிரைமர் பூசுக. டெக்ஸ்ச்சர் பேஸ்டை ஒரே நாளில் தடிப்பாக அப்பாமல், மெல்லிய அடுக்காகப் பூசி, உலர்ந்தபின் அடுத்த அடுக்கை இடுக. சாதாரண வெண்பசை ஈரத்தில் இளகக்கூடியது. அக்ரிலிக் மீடியமே நிலைக்கும். தேங்காய்நார்க் கயிற்றைப் பிரித்து இழையாக்கினால் கரையொதுங்கிய பாசியாகும். கிழிந்த பருத்திச் சேலையைப் பேஸ்டில் தோய்த்துச் சுருக்கினால் நுரைவரியாகும். நீர்த்த வண்ணத்தைப் பள்ளங்களில் ஓடவிட்டு, உலர்ந்த தூரிகையால் மேடுகளை மட்டும் தொடுக. அலை வந்து மீண்ட ஈரமணல் வேண்டுமா? அந்த ஒரு பட்டைக்கு மட்டும் பளபளப்பு வார்னிஷ் இடுக. படம் முழுதும் பளபளத்தால் கடல் மறைந்து பிளாஸ்டிக் விரிப்பே தெரியும் என்பது எம் கருத்து.

கலையால் பிழைக்க இயலுமா என்ற ஐயத்திற்குச் சென்னைக் கடற்கரையில் ஒரு விடை உண்டு. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவினர். பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தைத் திரட்டியே நிலம் வாங்கினர். அங்கே பி.வி. ஜானகிராம் உலோகத் தகட்டைத் தட்டிச் சிற்பமாக்கினார், எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து உருவங்கள் படைத்தார். அவ்வூரைச் சேர்ந்த ஓவியர் விசுவநாதனோ இந்தியக் கரையோரம் நெடுகப் பயணித்து மணலையே சேகரித்தார். விற்பனைக்குரியது பாத்திக், மனத்திற்குரியது ஓவியம் என்று அவர்கள் வகுத்த பிரிவை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

புதிதாகத் தொடங்குவோரும் விலை குறிக்கும்போது பலகை, வண்ணம் ஆகியவற்றின் செலவோடு உலரும் நாள்களையும் கணக்கிடுக. விற்ற தொகையில் பொருட்செலவைத் தனிக் கணக்கில் ஒதுக்கினால் அடுத்த பலகைக்குக் கைப்பணத்தைத் தொடவேண்டியதில்லை. முதற்படத்தை மட்டும் விற்காமல், ஆனி முதல் புரட்டாசி வரை உங்கள் வீட்டிலேயே, சன்னலுக்கு அருகிலுள்ள சுவரில் மாட்டி வையுங்கள்.