தலைமாட்டில் நிற்பவர் யார்?

குடலிறக்கம், உதட்டுப் பிளவு, பிறவிக் கண்புரை என்று கைக்குழந்தைக்குக் கத்தி வைக்க வேண்டி வந்தால், சங்கரன்கோவில் பக்கத்துக் குடும்பங்கள் பெரும்பாலும் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருநெல்வேலிக்கோ, இன்னும் தூரத்து மதுரைக்கோதான் பஸ் ஏறுகின்றன. வீட்டாரைக் கலக்குவது ஆபரேஷனை விட அதற்கு முன் போடும் ஊசிதான். “மயக்க ஊசி போட்டா பிள்ளைக்கு மூளை மந்தமாயிருமாமே?” என்று ஆச்சிமார் கேட்பதுண்டு.

அசட்டுக் கேள்வி அல்ல இது. 2003-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், பிறந்து ஏழே நாளான எலிக்குஞ்சுகளுக்கு ஆறு மணி நேரம் மயக்க மருந்து கொடுத்துப் பார்த்தபோது மூளைச் செல்கள் மடிந்தன. 2016 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கையே விடுத்தது: மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலோ, திரும்பத் திரும்பவோ மயக்கம் கொடுத்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம். ரத்தநாளம் வழி ஏற்றும் புரொப்போஃபாலும் கெட்டமினும் அதில் அடக்கம்.

குழந்தைகளிடம் தெரிந்தது வேறு. ஏழு நாடுகளில் 722 கைக்குழந்தைகளுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது; ஒரு பிரிவுக்கு முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தார்கள், மற்றதற்கு முழு மயக்கம். ஐந்து வயதில் சோதித்தபோது அறிவுத்திறனில் வித்தியாசம் இல்லை என்று 2019-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. ஆனால் அந்த மயக்கம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. மருந்தும் மூச்சு வழி கொடுத்த செவோஃப்ளூரேன். ஊசி மருந்துக்கும் நீண்ட ஆபரேஷனுக்கும் இதையே சான்றாகக் காட்ட முடியாது.

பால்போல் வெளுத்த புரொப்போஃபாலுக்குத் தனிக் கதை உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் தொடர்ந்து அது ஏற்றப்பட்ட ஐந்து குழந்தைகள் இறந்ததை 1992-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் பதிவு செய்தது. ரத்தத்தில் அமிலம் ஏறி, இதயம் தளர்ந்தது. அதிலிருந்து குழந்தைகளை நாள்கணக்கில் தூங்கவைக்க அதைத் தவிர்க்கிறார்கள். குறுகிய ஆபரேஷனுக்கோ அது நல்ல மருந்து. குரல்வளை இறுகுவதும், விழிக்கும்போது பிள்ளை முரண்டு பிடித்து அலறுவதும் குறைகின்றன.

உண்மையான ஆபத்து மூச்சில் இருக்கிறது. எடைக்கு எடை பார்த்தால், பெரியவர்களைப்போல் இரு மடங்கு ஆக்ஸிஜனைச் செலவழிக்கும் உடம்பு கைக்குழந்தையுடையது, சேமிப்பும் குறைவு. மூச்சு தடைபட்டால் சில நொடிகளிலேயே நீலம் பாரிக்கும். ஐரோப்பாவின் 33 நாடுகளில் 31,127 மயக்க நிகழ்வுகளைக் கவனித்த 2017-ஆம் ஆண்டு ஆய்வில் 5.2 சதவீதத்தில் கடுமையான சிக்கல் வந்தது. வயது குறையக் குறைய ஆபத்து கூடியது. மயக்க டாக்டரின் அனுபவம் கூடக் கூட அது குறைந்தது. ஆகவே எந்த மருந்து என்பதைவிட, கைக்குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவர்தானா என்று கேட்பது பயனுள்ளது. குறைமாதத்தில் பிறந்ததென்றால் அதையும் சொல்லியாக வேண்டும். ஆபரேஷன் முடிந்த பிறகும் அக்குழந்தைக்கு மூச்சு நின்றுபோகலாம் என்பதால் இரவு முழுக்க மானிட்டரில் வைப்பார்கள்.

வீட்டார் பங்கும் உண்டு. தாய்ப்பாலை நான்கு மணி நேரம் முன்பும், பசும்பாலை ஆறு மணி நேரம் முன்பும் நிறுத்தச் சொல்வது வழக்கம். அழுகிற பிள்ளைக்கு ‘ஒரு பாலாடைதானே’ என்று யாராவது புகட்டிவிட்டால், மயக்கத்தில் அது எதுக்களித்து நுரையீரலுக்குள் போகலாம். தேதி தள்ளிப்போகுமே என்று சளியை மறைப்பவர்களும் இருக்கிறார்கள். உதட்டுப் பிளவென்றால் சில வாரம் தாராளமாகப் பொறுக்கலாம். குடல் சிக்கிக்கொண்டால் பொறுக்க முடியாது. அப்போதும் சளி இருப்பது தெரிந்தால்தான் டாக்டர் அதற்கேற்ற தயாரிப்போடு ஊசியை எடுப்பார்.