முன்பின் தெரியாத அதிகாரிக்கு ஒரு கடிதம்

எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து என்னிடம் கடிதம் எழுதிக்கொள்ள வருகிறவர்கள் முதலில் கேட்பது, “நானா, சிங்களத்துல எழுதணுங்களா?” என்பதுதான். தேவையில்லை. சப்ரகமுவவின் நிர்வாக மொழி சிங்களந்தான். ஆனாலும் 1988 இல் 16 ஆவது திருத்தம் மாற்றியமைத்த அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரைப்படி, தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெற நமக்கு உரிமை உண்டு. இதைக் கடைசி வரியில் பணிவாகக் குறித்துவிடுவேன்.

அடுத்தது விலாசம். “பெரியவரோட பேரு தெரியாதே” என்று தயங்குவார்கள். பெயர் வேண்டாம், பதவி போதும். அதிகாரி மாற்றலாகிப் போனாலும் ‘பிரதேச செயலாளர்’ என்று எழுதியது அந்த நாற்காலிக்குப் போய்ச்சேரும். ரோம மன்னருக்கு நபி (ஸல்) அவர்கள் அனுப்பிய கடிதத்திலும் அனுப்புபவர் யார், பெறுபவர் என்ன பதவியில் இருக்கிறார் என்பதே முதலில் வருகிறது. முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் வாசிக்கமாட்டார்கள் என்று சொல்லப்பட்டதும் மோதிர முத்திரையும் செய்துகொண்டார்கள். பெறுகிறவரின் வழக்கத்தை அறிந்து எழுதுவது நமக்குப் புதிதல்ல.

விஷயத்துக்கு வருமுன் பாட்டன் இந்தியாவிலிருந்து வந்த கதையைத் தொடங்குவார்கள். அதற்குக் காரணமுண்டு. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம், 1946 க்கு முன் மணமானவர் 7 வருடமும் மணமாகாதவர் 10 வருடமும் தொடர்ந்து இங்கே வசித்ததை நிரூபிக்கச் சொன்னது. இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பங்களுக்கும் அதே சட்டந்தான். விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலானோர் நிராகரிக்கப்பட்டார்கள். அந்தப் பயம் இன்னும் விட்டுப்போகவில்லை. 2003 இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அந்தக் கதை கடிதத்துக்குத் தேவைப்படுவதில்லை. ஒரு பக்கம், ஒரு விஷயம், அவ்வளவுதான். கெஞ்சவும் வேண்டாம், ஏசவும் வேண்டாம்.

லயத்துக்குத் தனி இலக்கம் இல்லாத இடங்களில் தபால் தோட்ட ஆபிசுக்குத்தான் போகும், கைக்கு வரச் சுணங்கும். அதனால் தொலைபேசி இலக்கமும் எழுதுங்கள். பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டைப் பிரதியோடு குத்தி வையுங்கள்.

வீட்டுக்கோ காணிக்கோ கொடுத்த விண்ணப்பம் என்னவாயிற்று என்று கேட்பதானால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் குறிப்பிட்டு, அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லவேண்டியதில்லை. தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் நேரில் போய் வாயால் கேட்டாலும், அதை எழுத்தில் பதிவது அந்த அலுவலரின் கடமை.