ஓரியூரின் இரத்தசாட்சி

இரத்தசாட்சிகளைக் குறித்துப் பிரசங்கிக்கும்போது ஸ்தேவானையும் பொலிக்கார்ப்பையும் நினைவுகூருகிறோம். தமிழ் மண்ணிலே சிரச்சேதம் செய்யப்பட்ட கத்தோலிக்கக் குருவானவர் அருளானந்தரை நம்முடைய சபையார் அதிகமாய் அறியார்.

யோவான் தெ பிரித்தோ என்னும் இயற்பெயருடைய இவர் 1647இல் லிஸ்பனில் பிறந்து, போர்த்துக்கல் அரண்மனையில் வளர்ந்தவர். 1662இல் இயேசு சபையிற் சேர்ந்து, 1673இல் இந்தியா வந்து, மதுரை மிஷனில் ஊழியஞ்செய்தார். பண்டாரசுவாமியின் கோலம் பூண்டு, புலால் நீக்கி, ஊர் ஊராய் நடந்து போதித்தார். 1686இல் மறவர் சீமையில் பிடிபட்டுக் கொடிதாய் உபாதிக்கப்பட்டார். இனி அங்கே போதிக்கலாகாது என்னும் கட்டளையோடு சேதுபதி மன்னர் அவரை விடுவித்தார். பின்பு மிஷன் காரியமாய்ப் போர்த்துக்கல் சென்றவரை அரசர் அங்கேயே நிறுத்திக்கொள்ள விரும்பினார். அவரோ 1690இல் இந்தியா திரும்பி, மறுபடியும் மறவர் சீமைக்கே சென்றார்.

அங்கே தடியத்தேவர் என்னும் தலைவர் நோய் நீங்கி ஞானஸ்நானம் வேண்டினார். அவருக்கு மனைவியர் பலர். ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டாலன்றி ஞானஸ்நானம் இல்லை என்றார் அருளானந்தர். தேவர் இசைந்தார், 1693 ஜனவரியில் ஞானஸ்நானம் பெற்றார். விலக்கப்பட்டவர்களுள் ஒருத்தி கிழவன் சேதுபதியின் உறவினள். அவள் முறையிட்டாள். குருவானவர் சிறைப்பட்டு ஓரியூருக்கு அனுப்பப்பட்டு, 1693 பிப்ரவரி 4 அன்று வெட்டுண்டு மாண்டார். 1947இல் ரோமச் சபை அவரைப் பரிசுத்தவான் என அறிவித்தது.

ஏரோதின் விவாகத்தைக் கண்டித்து மாண்ட யோவான் ஸ்நானனை இச்சரிதை நினைப்பூட்டுகிறது. பெருந்தலைவர் ஒருவரின் ஆதரவு மிஷனுக்குப் பேருதவியாயிருந்திருக்கும். அதற்காக ஞானஸ்நானத்தின் நிபந்தனையை அவர் தளர்த்தவில்லை. இதுவே அவருடைய சாட்சியின் உள்ளீடு.

ஆயினும் நாம் கேட்கவேண்டிய வேறொரு கேள்வியும் உண்டு. விலக்கப்பட்ட அப்பெண்கள் என்ன குற்றம் செய்தார்கள்? நாட்டு வழக்கப்படி மணந்தவர்கள், கணவன் மனந்திரும்பியதால் வாழ்விழந்தார்கள். புராட்டஸ்டண்டு திருச்சபைகளும் இதே சிக்கலைச் சந்தித்தன. 1888இல் கூடிய லாம்பெத் மாநாடு, பல மனைவியரை உடையவனுக்கு ஞானஸ்நானம் மறுத்தது. 1988ஆம் ஆண்டு மாநாடோ, அவன் இனி வேறு மணம் செய்யலாகாது என்றும், மனைவியர் படும் சமூகத் துன்பத்தினிமித்தம் அவர்களைத் தள்ளிவிடும்படி அவனைக் கட்டாயப்படுத்தலாகாது என்றும் வகுத்து, அவனைச் சேர்த்துக்கொள்ள இடமளித்தது.

அம்பத்தூர், ஆவடி போன்ற தொழிற்பகுதிகளில் ஊழியஞ்செய்வோர்க்கு இது பழங்கதையன்று. சொந்த ஊரில் ஒரு குடும்பமும் வேலைத்தலத்தில் ஒரு குடும்பமும் உடையவன் ஞானஸ்நானம் கேட்டு வரக்கூடும். அவனிடம் உண்மையைக் கூற அருளானந்தரின் துணிவு நமக்கு வேண்டும். அவ்வுண்மையால் வீடிழக்கும் பெண்ணுக்கும் பிள்ளைகட்கும் உணவும் உறைவிடமும் யார் தருவார் என்பதையும், ஞானஸ்நான நாளைக் குறிக்குமுன்னரே சபை தீர்மானித்தல் வேண்டும்.